சந்தைக்குப் போகாத உயிர்கள்

கொங்கு நாட்டில் வீட்டு விலங்குக்கு வரும் நோய் நெடுங்காலமாக இரண்டே முடிவுகளைக் கொண்டிருந்தது: ஒன்று, விலங்கு தேறி ஏருக்கோ கறவைக்கோ திரும்பும், அல்லது, தேறாது என்று தெரிந்ததுமே கயிறு மாற்றப்பட்டுச் சந்தைக்குப் போகும். கோமாரி கண்டு பிழைத்த பின்னும் வெயில் ஏறினால் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் மாடு, மடிநோயில் ஒரு காம்பு அடைந்துபோன மாடு, பலமுறை ஊசி போட்டும் சினை பிடிக்காத கிடாரி, குளம்பு கெட்டு நடை தளர்ந்த எருது ஆகிய எல்லாமே மருத்துவ நோக்கில் நாட்பட்ட நோயாளிகள்தாம் என்றாலும், அவற்றின் நோய் நாட்படுவதற்கு முன்பே பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிக்கப்பட்டு, அவை கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். சேலத்திலிருந்து கொச்சிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை கோவையை அடுத்த மதுக்கரையைக் கடந்துதான் கேரள எல்லையிலுள்ள வாளையாற்றுக்குப் போகிறது என்பதால், மாடேற்றிய லாரிகள் இவ்வூரார் கண்ணுக்குப் புதியவை அல்ல. இதைக் கொடுமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இரண்டு மாட்டுப் பாலில் குடும்பம் நடத்துகிற ஒருவர் கறக்காத மாட்டுக்குத் தீவனம் வைப்பதென்றால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில்தான் கைவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

இந்த ஏற்பாடு ஒரு திறமையை வளர்த்தது, இன்னொன்றை வளரவிடவில்லை. விடியற்காலையில் கட்டுத்தரைக்குப் போகும் உழவர், மாடு அசைபோடுகிறதா, மூக்கில் ஈரம் இருக்கிறதா, சாணி இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, காது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இரவு போட்ட சோளத்தட்டில் எவ்வளவு மீதி என்பவற்றை ஒரே பார்வையில் படித்துவிடுவார். ஏடுகளில் எழுதி வைக்கப்பட்ட மாட்டு வாகடங்கள், அதாவது கால்நடைகளின் நோய்களையும் மருந்துகளையும் தொகுத்துச் சொல்லும் தமிழ் நூல்கள், இத்தகைய பார்வையிலிருந்து திரண்டவையே. ஆனால் அந்தக் கண் நோயின் தொடக்கத்தைப் பிடிப்பதற்கே பழகியிருந்தது. நோய் தீராது, கொல்லவும் கொல்லாது, ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் என்ற நிலையில் விலங்கோடு எப்படி வாழ்வது என்பதைச் சந்தை என்ற ஒன்று இருந்தவரை யாரும் கற்க வேண்டியிருக்கவில்லை. உழுது ஓய்ந்த எருதைச் சாகும்வரை கட்டுத்தரையிலேயே வைத்திருந்து தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்த குடும்பங்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஊரார் அவர்களை மதித்தார்கள், அவர்களைப் பின்பற்றவில்லை.

நாயின் கதை வேறு. தோட்டத்துச் சாளையில் அது காவலுக்கு இருந்தது; மிஞ்சிய சோறும் மோரும் களியும் அதற்கு விழுந்தன; நோய் கண்டால் வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டது; அங்கேயே தேறியது அல்லது அங்கேயே செத்தது. விற்பதற்கு விலையில்லாத, மருத்துவத்துக்குச் செலவழிக்கத் தோன்றாத அந்த உயிர், பெரும்பாலும் முதுமையை எட்டவே இல்லை. நாய்க்குட்டிகளைக் கூட்டமாக அள்ளிச் சென்ற டிஸ்டம்பர் என்ற தொற்றும், 1978 வாக்கில் உலகெங்கும் திடீரெனத் தோன்றிக் குடலைச் சிதைத்த பார்வோ நச்சுயிரியும் அதற்குக் காரணம். இவ்விரண்டுக்கும் தடுப்பூசி பரவலான பிறகே, நாய் பத்து, பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழ்வது நகரத்து வீடுகளில் இயல்பானது. முதுமையின் நோய்களும் அதன் பின்னரே கண்ணில் பட்டன. எனவே வீட்டு நாயின் நாட்பட்ட நோயை மருத்துவத்தின் தோல்வியாகக் கருதுவது பிழை. இளமைச் சாவைத் தடுத்ததன் நேரடி விளைவு அது.

மதுக்கரையில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. சுண்ணாம்புப் பாறையை நம்பி 1930களில் வந்த சிமென்ட் ஆலை, அதைச் சூழ்ந்த குடியிருப்புகள், இருப்புப்பாதை, மலையடிவாரத்துத் தோட்டங்கள் என்றிருந்த ஊர், 2021இல் நகராட்சியாகி, கோவையின் விரிவாக்கத்தில் மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த புறநகராக மாறிவருகிறது. இங்கே சாளையில் கிடந்த நாட்டு நாயும், டைல்ஸ் பதித்த கூடத்தில் படுத்திருக்கும் லாப்ரடாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றன. மேற்கே காடு இருப்பதால் நோயுற்ற நாய்க்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: கண் மங்கிய, காது கேளாத, கால் தளர்ந்த நாயை இரவில் வாசலில் கட்டிவைப்பது சிறுத்தைக்கு இரை வைப்பதாகவே முடியக்கூடும். 2022 சனவரியில் பக்கத்துக் குனியமுத்தூரை அடுத்த பி.கே.புதூரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு கிடங்குக்குள்ளேயே சிறுத்தை புகுந்து, நாள்கணக்கில் காத்திருந்து பிடிக்கப்பட்டது. தளர்ந்த நாயை இரவில் உள்ளே படுக்க வைப்பது இவ்வட்டாரத்தில் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

விற்க முடியாத விலங்கு என்பதே வளர்ப்பு நாய்க்கும் பூனைக்கும் கொங்கு வீட்டில் கிடைத்துள்ள புதிய இடம். அதன் நோய் தீராதது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அதை அனுப்பிவிடச் சந்தை எதுவும் கிடையாது. தெருவில் விடுவது ஒன்றே மாற்று, அதையும் சிலர் செய்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலைக்கு ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை 11ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. மருத்துவர் பேச்சைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அப்போது தேவைப்படுவது சட்டத்தைவிட, நாளைக் காலையிலிருந்து என்ன செய்வது என்ற அறிவு.

அந்த அறிவு நோய்க்கு நோய் வேறுபடுகிறது. கோவை வட்டாரத்தில் முதலில் சொல்லத்தக்கது உண்ணிக் காய்ச்சல். இதற்குக் காரணமான, நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும் எர்லிக்கியா கேனிஸ் என்ற நுண்ணுயிரியை 1935இல் அல்ஜீரியாவில் தோனாசியன், லெஸ்டோகார்ட் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் முதன்முதலில் விவரித்தனர். மூன்று பத்தாண்டுகளுக்குப் பின் வியட்நாமில் அமெரிக்க இராணுவத்தின் மோப்ப நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை மூக்கில் இரத்தம் ஒழுகி இறந்தபோதுதான் இதன் கொடுமையை உலகம் அறிந்தது. பழுப்பு நாயுண்ணி கடித்து ஓரிரு வாரங்களில் காய்ச்சல் வரும்; சிகிச்சை அரைகுறையாக நின்றால், நோய் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில், உள்ளே உறங்கும்; பின்னர் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மீண்டும் எழும். டாக்சிசைக்ளின் என்ற மருந்தை 28 நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பதே பொதுவான வரையறை. நாய் நான்கைந்து நாளில் சோறு தின்னத் தொடங்கிவிடுகிறது. மாத்திரைப் பட்டை அத்தோடு அலமாரிக்குப் போய்விடுகிறது. தீர்ந்துபோயிருக்க வேண்டிய நோய் பல வீடுகளில் நாட்பட்ட நோயாவது அந்த இடத்தில்தான்.

இதில் நாயைவிட வீட்டைக் கவனிப்பது முக்கியம். வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை, கட்டிலின் அடிப்பாகம், சிமென்ட் ஷீட்டின் மடிப்பு ஆகிய இடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அந்த முட்டையிலிருந்து வருபவை வளர்ச்சியின் மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறையும் புதிதாக நாயைத் தேடி ஏறுகின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலம் இந்தச் சுழற்சியை மெதுவாக்குகிறது. கோவையின் தட்பவெப்பத்தில் அது ஆண்டு முழுவதும் ஓயாமல் நடக்கிறது. நாய்க்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு, சுவர் விரிசலைப் பூசாமல், சாக்குப் படுக்கையை எரிக்காமல் விடுகிறவர் மருந்துக்கடைக்கு மட்டுமே நன்மை செய்கிறார்.

நீரிழிவுக்கு வரும்போது வரலாறு ஒரு வட்டமடித்துத் திரும்புகிறது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோதுதான் அவ்வுறுப்புக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. 1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்தே இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். நாய்கள் உயிரைக் கொடுத்துக் கண்டறியப்பட்ட மருந்து மனிதருக்கு உடனே கிடைத்தது. வீட்டு நாய்க்கு அது பின்னரே எட்டியது. பெரும்பாலான நீரிழிவு நாய்களுக்கு மாத்திரை பயன்படாது. உணவோடு சேர்த்து நாளுக்கு இருமுறை, ஏறத்தாழ 12 மணிநேர இடைவெளியில், இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய்களில், ஒவ்வொரு சினைப்பருவத்துக்குப் பின்னும் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால், அவற்றுக்குக் சூலகத்தை அகற்றும் கருத்தடை அறுவையும் சிகிச்சையின் பகுதியே.

இங்கே உயிர்போகும் அளவுக்கான தவறு ஒரு சிறு பிளாஸ்டிக் குழலில் ஒளிந்திருக்கிறது. இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு என்ற செறிவு கொண்டது. பேனாவுக்கான குழல்களில் வருவது 100 அலகு செறிவு. முதலாவதற்குச் சிவப்பு மூடி ஊசி, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. நூறு அலகுச் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் பத்தாம் கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு; நாய் நடுங்கும், தள்ளாடும், வலிப்பு வந்து விழும். மாறாக, 40 அலகு மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் அதே கோடுவரை இழுத்தால் 4 அலகு மட்டுமே போய், மருந்து கேட்கவில்லை என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். வீட்டில் தாத்தாவுக்கும் நாய்க்கும் ஒரே குளிர்பெட்டியில் இன்சுலின் இருக்கும் நிலை கோவையில் அரிதன்று. இரண்டின் ஊசிகளையும் வேறு வேறு டப்பாவில் வைத்திருப்பது கட்டாயம். சர்க்கரை தாழ்ந்து நாய் துவண்டால் வாய்க்குள் எதையும் ஊற்றாமல், தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

உணவுக் கட்டுப்பாடு வீட்டுக்குள் நடக்கும்; வாசலில் குலையும். தேநீரோடு பன்னும் பிஸ்கட்டும் தின்கிற பேக்கரிப் பழக்கம் கோவை மாவட்டத்தில் வேரூன்றியது. பழகிய நாய்க்குப் பாதி பிஸ்கட் போடாமல் தேநீரை முடிப்பவர் குறைவு. வீட்டுக்கு வரும் உறவினரும் அதையே செய்கிறார்கள். அன்பாகச் செய்யும் அந்தச் செயலைத் தடுக்கும்போது வீட்டுக்காரர் கஞ்சராகத் தெரிகிறார் என்பது இந்நோயின் சின்னஞ்சிறு தொல்லைகளில் ஒன்று. பெரிய இழப்பு கண்ணில் வருகிறது: நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்புரை விழுந்து பார்வை போய்விடுகிறது. நாற்காலியும் தண்ணீர்ச் சட்டியும் இடம் மாறாமல் இருந்தால், பார்வையற்ற நாய் வியப்பூட்டும் அளவுக்கு இயல்பாக வாழ்கிறது.

சிறுநீரகச் செயலிழப்பு இதைவிடக் கள்ளத்தனமானது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு உயர்ந்து பரிசோதனையில் தெரியவரும்போது, சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு போயிருக்கும். அதனால் ஆய்வகத்துக்கு முன்பே நோயைக் காட்டித்தருவது தண்ணீர்ச் சட்டி: முன்பு ஒருமுறை நிரப்பியது இப்போது மும்முறை நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்தவரே நோயை முதலில் கண்டறிந்தவர். நான்கு படிகளாகப் பிரிக்கப்படும் இந்நோயில், பாஸ்பரஸ் குறைந்த உணவும், தேவைப்படும் நிலையில் தோலுக்கடியில் செலுத்தப்படும் உப்புநீரும் நாள்களை நீட்டித்துத் தருகின்றன. எலும்பும் ஈரலும் பாஸ்பரஸ் மிகுந்தவை என்பதால், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பின் எலும்பு அந்த நாய்க்குப் போகக் கூடாது. கடைப்பிடிக்க இதுவே மிகக் கடினம் என்று தோன்றுகிறது. சாகப்போகிற நாய்க்கு ஓர் எலும்பைக்கூட மறுப்பதா என்று வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார், அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்கவும் முடியாது.

இதயநோயைக் கண்காணிக்க எண்ணத் தெரிந்தாலே போதும். தமிழக வீடுகளில் ஒருகாலத்தில் பெருகியிருந்த பொமரேனியன் போன்ற சிறு நாய்களில், முதுமையில் இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்து இரத்தம் பின்னோக்கிக் கசிவதுண்டு. உறங்கும் நாயின் விலா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று தினமும் எண்ணி வர வேண்டும். முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள், இருமல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் தவிர இதற்கு வேறு செலவில்லை.

மூட்டுநோயில்தான் மருத்துவமும் வீடும் சூழலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பேர்போனவை. வழவழப்பான டைல்ஸ் தரையில் ஒவ்வொரு முறை எழும்போதும் அவற்றின் பின்கால்கள் விலகி வழுக்குகின்றன. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னைநார் விரிப்புகளை நாய் நடக்கும் வழியெங்கும் போட்டுவிடுவது, பல மாத்திரைகள் செய்யாத வேலையைச் செய்கிறது. அதைவிட முக்கியம் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைப் குட்டிப்பருவத்திலிருந்து இறப்புவரை தொடர்ந்து, 2002இல் வெளியான ஆய்வில், தம் இணையாக வளர்க்கப்பட்ட நாய்களைவிடக் கால் பங்கு குறைவாக உணவு பெற்ற நாய்கள் ஏறத்தாழ இரண்டாண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றில் பிந்தியே வந்தது. நாய் கொழுகொழுவென்று இருப்பதைப் பெருமையாகக் கருதும் வீடுகளுக்கு இது கசப்பான செய்தி.

வலி தாங்காத நாயைப் பார்த்து மனம் பொறுக்காமல், வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது பரவலான வழக்கம். ஐபுபுரோஃபென், டைக்ளோபினாக் முதலியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனையின் கல்லீரலுக்குப் பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், ஒரே ஒரு மாத்திரை அதன் இரத்தத்தை உயிர்வளி ஏற்க முடியாததாக்கிக் கொன்றுவிடும். இவ்வகை மருந்தின் கேடு கட்டுத்தரையைத் தாண்டியும் சென்றிருக்கிறது. கிழட்டு மாடுகளின் மூட்டுவலிக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக், அம்மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. அதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மறைந்துவிட்டிருந்தன. 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளைக் கால்நடைகளுக்குத் திருப்பிவிடும் வழக்கத்தை நிறுத்த, 2015இல் ஒருமுறை பயன்பாட்டுக் குப்பிகள் மட்டுமே விற்கலாம் என்று விதிக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிகுளோபினாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. தமிழகத்தில் எஞ்சிய பாறுகளின் முதன்மையான வாழிடம் நீலகிரிக்கு வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கு. கோவையிலிருந்து இயங்கும் அருளகம் அமைப்பு அவற்றைக் காக்க மருந்துக்கடை மருந்துக்கடையாகவும் ஊர் ஊராகவும் ஏறி இறங்கிவருகிறது. மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது என்று நிறுவப்பட்டிருக்கிறது. ஒரு கிழ விலங்கின் வலியைத் தணிக்க எந்த மருந்தைத் தேர்வது என்ற கேள்வி, வானத்தில் எந்தப் பறவை மிஞ்சும் என்பதையும் சேர்த்து முடிவுசெய்கிறது.

இத்தனையையும் செய்வது யார் என்ற கேள்வியைக் கால்நடை மருத்துவம் அண்மையில்தான் கேட்கத் தொடங்கியது. தீராத நோயுள்ள விலங்கைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும், நலமான விலங்கை வளர்ப்பவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கொங்குக் குடும்பத்தில் இதன் வடிவம் வேறு: காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஊசி என்றால், முகூர்த்தத்துக்கு முந்தைய நாளே போய்ச் சீர் செய்ய வேண்டிய கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்ணால் போக முடிவதில்லை, நாய்க்காகக் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்லவும் முடிவதில்லை. ஆசைப்பட்டு வாங்கியவர் மகனாகவோ கணவராகவோ இருக்க, ஊசி போடும் கை பெரும்பாலும் தாயுடையதாக இருப்பதை எந்த மருத்துவச் சீட்டும் எழுதுவதில்லை. மாட்டுக்குச் செலவழித்தால் பால் வரும், நாய்க்குச் செலவழித்தால் என்ன வரும் என்று கேட்கும் மாமனாரின் கணக்கும் தவறான கணக்கன்று. அது வேறொரு பொருளாதாரத்தைச் சேர்ந்த கணக்கு, அவ்வளவே.

எங்கே நிறுத்துவது என்பது இவையெல்லாவற்றையும்விடக் கடினமானது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தேறவே வழியில்லாமல் வேதனையில் கிடந்த ஒரு கன்றுக்கு, காந்தியின் ஒப்புதலோடு மருத்துவர் ஊசி போட்டு உயிரை முடித்தார். நாடெங்கும் இருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன; அவர் நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் விரிவாக விடையெழுதி, வேறு வகையில் உதவ வழியே இல்லாத நிலையில் தன்னலமின்றிச் செய்யப்பட்ட அச்செயல் அகிம்சைக்குள் அடங்கும் என்று வாதிட்டார். அந்த வாதத்தை ஏற்காதவர்கள் ஆசிரமத்துக்குள்ளேயே இருந்தார்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் அளவுக்கு நோயுற்ற விலங்கின் உயிரை, கால்நடை மருத்துவரின் கருத்தைப் பெற்று முடிக்க வழிசெய்கிறது. நடைமுறையில் தமிழகத்து வீடுகள் இம்முடிவைத் தள்ளிக்கொண்டே போகின்றன; உயிரை எடுக்கும் பாவம் நமக்கெதற்கு என்ற அச்சம் ஒரு பக்கம், ஒருநாள் தானாகவே போய்விடும் என்ற எதிர்பார்ப்பு மறுபக்கம். தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே, அதன் வலியை ஏற்பது விலங்கு என்பதை இவ்வீடுகளுக்கு யாராவது கனிவோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தின்கிறதா, தானாக எழுகிறதா, தன் கழிவின் மேலேயே கிடக்கிறதா, பழகிய குரலுக்கு வால் அசைக்கிறதா என்று நாள்தோறும் குறித்து வந்த ஏடு ஒன்று இருந்தால், நல்ல நாள்களைக் கெட்ட நாள்கள் விஞ்சத் தொடங்கிய வாரம் அதில் தெரியும். நினைவை மட்டும் நம்பினால் தெரியாது; நினைவு நேற்று அது எழுந்து வந்ததையே பெரிதாகக் காட்டும்.

இவ்விடத்தில் பழைய கட்டுத்தரைக் கண் மீண்டும் தேவைப்படுகிறது. சாணியையும் அசைபோடலையும் படித்தறிந்த சமூகத்துக்கு, தண்ணீர்ச் சட்டியையும் விலா அசைவையும் படிப்பது புதிய கலையாக இருக்க முடியாது. அந்தக் கண்ணை லாபம் தராத உயிரின் மேலும் திருப்புவதும், கண்டதை எழுதி வைப்பதும் மட்டுமே புதியவை.

நிறுவனங்களின் நிலை இதற்கு இன்னும் ஈடுகொடுக்கவில்லை. சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1985இல் நாமக்கல்லில் வந்த கல்லூரி, 1989இல் உருவான கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், 2020இல் உடுமலைப்பேட்டையில் வந்த கல்லூரி என்று தமிழகத்தின் ஏற்பாடு மதிக்கத்தக்கது. கல்லூரிகளைப் பொறுத்தவரை கொங்கு மண்டலத்துக்கும் குறையொன்றுமில்லை. ஆனால் ஊரார் வாயில் இன்றும் மாட்டாஸ்பத்திரி என்றே வழங்கும் அரசு மருந்தகங்களின் அன்றாட வேலை, சினை ஊசி, குடற்புழு நீக்கம், கோமாரித் தடுப்பூசி, திடீர் நோய் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் ஊர்தியும் அவசரத்துக்கே. மாதம் தவறாமல் வந்து, அதே மருந்தை வாங்கி, அதே அளவைப் பார்த்துச் செல்ல வேண்டிய நோயாளிக்கு அங்கே தனி வரிசை கிடையாது. எனவே வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். இல்லாதவர் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

மனிதரின் நாட்பட்ட நோய்களுக்கு வேறு வகை ஏற்பாடு வேண்டும் என்பதைத் தமிழக அரசு ஏற்கெனவே உணர்ந்து செயல்படுத்தியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து அளவைப் பதிந்து வருகிறது. விலங்குகளுக்கு அவ்வளவு கேட்பது மிகை. கால்நடைப் பராமரிப்புத் துறை, கோவை மாவட்டத்து அரசு மருந்தகங்களில் வாரத்துக்கு ஒரு பிற்பகலை நாட்பட்ட நோயுள்ள வளர்ப்பு விலங்குகளுக்கென்று ஒதுக்கலாம். அன்று கிரியாட்டினினும் சர்க்கரையும் பார்க்கும் வசதியும், சரியான மூடி நிறமுள்ள ஊசிகளும், வலிக்கு மெலாக்சிகமும், தமிழில் அச்சிட்ட ஒரு பதிவேடும் கிடைக்கச் செய்யலாம். காட்டோரமும் தோட்டமும் அடுக்குமாடியும் ஒரே வட்டத்துக்குள் அடங்கும் மதுக்கரையில் அதை முதலில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.